பிரித்து மாட்டிய டில்லர் ஓட மறுக்கிறதா?

புரட்டாசி பிறந்துவிட்டால் இரணியல் பக்கத்து ஏலாக்களில் தொளியடிக்கிற வேலை நெருக்கும். கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் நடுவே கிடைப்பது கொஞ்ச நாள்தான். அந்த நேரம் பார்த்து பவர் டில்லர் படுத்துக்கொண்டால், நாற்றங்காலில் நாற்றுக்கு வயது ஏறும். திருப்பதிசாரம் 3 போன்ற மத்திய கால ரகத்துக்கு 25 முதல் 30 நாள் நாற்று சரி. அதைத் தாண்டி நட்டால் தூர் குறையும்.

இரணியல் விவசாயி ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். அவருடைய பழைய டில்லர் புகை தள்ளியது, ஆயில் குடித்தது. மெக்கானிக் வீட்டுக்கே வந்து, தென்னை ஓலைக் கொட்டகையில் வைத்து இன்ஜினைப் பிரித்தார். லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும் புதிது. வால்வையும் தேய்த்து உட்காரவைத்தார். சாயங்காலம் மாட்டி முடித்து, இருட்டும்வரை இரண்டு பேர் மாறி மாறி ஹேண்டில் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை. "பம்ப் போயிருக்கும், புதுசு வாங்கி வையுங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார்.

புது பம்ப் என்றால் சின்னச் செலவில்லை. வாங்கக் கிளம்பியவரைத் தடுத்தது அடுத்த தெருப் பெரியவர். அரசுப் பேருந்துப் பணிமனையில் பல வருடம் ஸ்பானர் பிடித்து ஓய்வுபெற்றவர். "பம்ப நேத்து கழத்துனாவளா, மக்கா?" "இல்லண்ணே, அத தொடவே இல்ல." "பிரிக்கதுக்கு முந்தின நாளு வண்டி ஓடிச்சா?" "ஓடிச்சி. புகைதான் வந்துது." "அப்பம் பம்ப விடு. கைபட்ட இடத்தப் பாரு."

ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தானாக நிற்பது வேறு, பிரித்து மாட்டியபின் ஓடாமல் இருப்பது வேறு. முதலாவதில் தேய்ந்ததையும் அடைத்ததையும் தேட வேண்டும். இரண்டாவதில், கழற்றிய இடத்தில் ஏதோ ஒன்று பழையபடி உட்காரவில்லை என்றே முதலில் நினைக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் இதைச் செய்யாமல் பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பதில்தான் விவசாயியின் பணம் கரைகிறது.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டிபோலத் தீப்பொறி கிடையாது. உள்ளே போகும் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெரிப்பதால் வருகிற சூட்டில்தான் டீசல் தானே பற்றும். ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: டீசல் வருகிறதா, காற்று நெரிகிறதா, இரண்டும் சரியான நேரத்தில் நடக்கிறதா.

டீசலில் தொடங்குவது சுலபம். ஹேண்டில் சுற்றும்போது சைலன்சரில் புகையே இல்லை என்றால், டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. குழாயைக் கழற்றி மாட்டியதில் காற்று அடைத்திருக்கும். டேங்க் நிறைய ஊற்றி, காக்கைத் திறந்து, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்த வேண்டும். குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு முறுக்க வேண்டும். பிறகு பம்பிலும், கடைசியாக நாசிலுக்குப் போகும் பைப் நட்டிலும் அப்படியே. ஆக்சிலேட்டர் திறந்திருக்க வேண்டும். காற்று முழுதும் போய்விட்டால் சுற்றும்போது நாசில் 'கிர்க் கிர்க்' என்று பேசும். நாசிலைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் அதன் முன்னால் கையைக் காட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

இவருடைய டில்லரில் நாசில் பேசியது, வெள்ளைப் புகையும் வந்தது. டீசல் போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தார் பெரியவர். தூசி விழாமல் இருக்க வழியில் துணியைத் திணித்துவிட்டு எடுக்க மறப்பது பட்டறைகளில் நடக்கிற காரியம். இங்கே அதுவும் இல்லை.

அடுத்து, டிகம்ப்ரெஷன் லிவரைத் தொடாமல் ஃபிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பினார். நல்ல இன்ஜின் ஒரு இடத்தில் வலுவான ஸ்பிரிங்போல எதிர்த்துத் தள்ளும். இது வழவழவென்று சுற்றியது. காற்று எங்கேயோ ஒழுகுகிறது. ரிங்கா, வால்வா?

நாசில் துவாரத்தில் ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டார். அதற்குமேல் விட்டால் பிஸ்டன் முட்டி நிற்கும். படுக்கை சிலிண்டரில் ஆயில் அடிப்பக்கமே தேங்கும் என்பதால், சில சுற்று மெதுவாகச் சுற்றி, நாசிலை மாட்டியபிறகுதான் பார்க்க வேண்டும். ஆயில் விட்டபின் எதிர்ப்பு கூடினால் கோளாறு ரிங் பக்கம். இங்கே கூடவில்லை. சந்தேகம் வால்வுக்குப் போனது.

ராக்கர் மூடியைத் திறந்ததும் விஷயம் வெளிப்பட்டது. டேப்பட் இடைவெளி இல்லவே இல்லை. வால்வைத் தேய்க்கும்போது அது இருக்கையில் கொஞ்சம் உள்வாங்கும். அந்த அளவுக்கு அதன் தண்டு மறுபக்கம் நீண்டு ராக்கரைத் தொடும். இடைவெளியைத் திரும்ப வைக்காவிட்டால், வால்வு முழுதாக மூடாமல் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். டிகம்ப்ரெஷன் லிவர் சரியாகத் திரும்பாமல் நின்றாலும் இதே அறிகுறிதான்.

ஃபிளைவீலில் மேல்முனைக் குறியை நேராக்கினார்கள். குறிக்கு இருபுறமும் லேசாக அசைக்கும்போது இரண்டு ராக்கரும் ஆடினால் அது நெரிக்கும் நேரம் அல்ல, இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அப்படி வைத்து, கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு ஃபில்லர் கேஜ் நுழைத்து இரண்டு டேப்பட்டும் சரிசெய்தார்கள். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. செலவு, ராக்கர் மூடிக்கு ஒரு கேஸ்கட்.

டேப்பட்டும் சரியாக இருந்து ஓடாவிட்டால் மிஞ்சுவது நேரக் கணக்கு. டைமிங் கியர்களின் குறி ஒரு பல் தள்ளி விழுந்திருக்கலாம். பம்பைக் கழற்றியிருந்தால் அதன் அடியில் இருந்த மெல்லிய ஷிம் தகடு தவறியிருக்கலாம். இதை மாட்டியவரே திறந்து சரிசெய்வதுதான் முறை. பம்பைக் கழற்றி மாட்டிய இன்ஜினை முதலில் ஓட்டும்போது பக்கத்தில் தடித்த பலகை ஒன்று இருக்கட்டும். பம்பின் பின் கவர்னர் கவையில் உட்காராவிட்டால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் பறக்கும். அப்போது காற்று வாயைப் பலகையால்தான் அடைக்க வேண்டும், உள்ளங்கையால் அல்ல. பிடிக்கவில்லையே என்று காற்று வாயில் பெட்ரோல் ஊற்றுவதும் ஆபத்து. புது ரிங் உடைந்துபோகும்.

வீட்டில் கார், ஜீப் இருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். இன்ஜின் வேலை முடிந்து ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை என்றால், பாட்டரியிலிருந்து இன்ஜினுக்கு வரும் எர்த் வயரை மாட்டினார்களா என்று முதலில் பாருங்கள். சுற்றியும் பிடிக்காத பழைய பெட்ரோல் வண்டியில் பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கும்.

இரண்டு நாளில் சரியாகாது என்று தெரிந்தால் நாற்றைக் காக்கவைக்காமல், உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரத்துக்குப் பதிவு செய்துவிடலாம்.

இரணியல்காரர் டில்லரை உடனே தொளியில் இறக்கவில்லை. முதலில் தென்னந்தோப்பில் லேசான பாரத்தில் சில மணி நேரம் ஓட்டினார். புத்தகத்தில் சொன்ன மணிக்கணக்கு முடிந்ததும் முதல் ஆயிலை வடித்தார். அதில் வெள்ளிப்பொடி கொஞ்சம் மின்னியது. புது ரிங்கும் லைனரும் பழகும்போது அப்படித்தான் இருக்கும். பொடிக்குப் பதில் துணுக்காக இரும்பு வந்தால் இன்ஜினை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.