எஸ்பெராந்தோவில் ஒலிப்பு வேறுபாடும் பொருள் வேறுபாடும்

ஒருவரால் திட்டமிட்டு ஆக்கப்பெற்ற மொழியிலும் ஒலிப்பு வேறுபாடுகள் தோன்றுகின்றன. அவற்றுள் எது ஏற்கத்தக்கது, எது தவிர்க்கத்தக்கது என்பதை முடிவு செய்வது ஒலியன் வேறுபாடே என்பதற்கு எஸ்பெராந்தோ தக்க சான்றாகும்.

லுட்விக் சாமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட இம்மொழி 28 எழுத்துகளை உடையது. எழுதியவாறே ஒலித்தல் வேண்டும் என்பதும், சொல்லின் ஈற்றயலசை அழுத்தம் பெறும் என்பதும் அதன் 16 விதிகளுள் அடங்கும். 1905இல் வெளிவந்த அடிப்படை நூலில் இவ்விதிகள் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ருஷ்யம், போலிஷ் ஆகிய 5 மொழிகளில் தரப்பட்டுள்ளன. எழுத்துகளின் ஒலிகளும் அம்மொழி ஒலிகளோடு ஒப்பிட்டே விளக்கப்பட்டன. எனவே, ஒலிப்பு வேறுபடுதற்கான வாயில் தொடக்கத்திலேயே திறந்திருந்தது எனலாம்.

ரகரத்தை நுனிநா ஆடொலியாக ஒலிப்பதே பரிந்துரைக்கப்படும் முறை. எனினும், சிலர் அதனை உள்நாக்கொலியாக ஒலிக்கின்றனர். ககரத்தின் முன்வரும் னகரம் பலர் வாயில் ஙகரமாகின்றது. உயிரொலிகள் ஐந்தே, குறில் நெடில் வேறுபாடு பொருளை வேறுபடுத்துவதில்லை. இவையாவும் பொருள் மயக்கம் விளைக்காத மாற்றொலிகளாதலின் இடர்ப்பாடு இல்லை.

கடையண்ண உரசொலியின் நிலை வேறு. அரிதாக வழங்கும் இவ்வொலி பல சொற்களில் ககரத்துக்கு இடம் தந்தது. வேதியியலைக் குறிக்கும் 'கெமியோ' அவ்வகையது. ஆனால், பாடகர் குழுவைக் குறிக்கும் சொல்லின் முதலில் நிற்கும் அவ்வுரசொலியைக் ககரமாக்கினால் 'கோரோ' (இதயம்) என்றாகும். ஹகரமாக்கினால் 'ஹோரோ' (மணிநேரம்) என்றாகும். எனவே, அப்பொருளில் 'கோருசோ' என்னும் மற்றொரு சொல்லும் வழங்கலாயிற்று. பொருள் மயங்குமிடத்து ஒலிமாற்றம் தடைப்படுதல் இங்கு நோக்கத்தக்கது.

தமிழர் கருத்தில் கொள்ளவேண்டியது அடைப்பொலிகளின் ஒலிப்புத்தன்மையாகும். தமிழில் வல்லெழுத்து மொழிமுதலில் ஒலிப்பிலா ஒலியாகவும், மெல்லெழுத்தை அடுத்து ஒலிப்புடை ஒலியாகவும் அமைவது இயல்பு. இவை துணைநிலை வழக்கில் வரும் மாற்றொலிகள். எஸ்பெராந்தோவிலோ இவை தனித்தனி ஒலியன்கள். வடமொழி நூல்களைத் தமிழெழுத்தில் அச்சிடுங்கால் மேற்கொள்ளப்படும் எண்குறி முறையில் இவற்றைப் பின்வருமாறு காட்டலாம்:

பானோ – ரொட்டி. பா³னோ – குளியல்
தெந்தோ – சபலம். தெ³ந்தோ – பல்
காந்தோ – பாட்டு. காந்தோ³ – கற்கண்டு

முதலிரண்டு இணைகளில் மொழிமுதல் ஒலிப்புடை ஒலியும், மூன்றாவதில் மெல்லெழுத்தை அடுத்த ஒலிப்பிலா ஒலியும் தமிழ் நாவுக்குப் பழக்கமற்றவை. எண்குறியின்றி எழுதின் ஒவ்வோர் இணையும் ஒரே வடிவம் பெறும். தமிழியல்பில் ஒலித்தால் பாட்டைக் குறிக்கும் சொல் கற்கண்டைக் குறிப்பதாகிவிடும்.

ஆகவே, எஸ்பெராந்தோச் சொற்களையும் இயற்பெயர்களையும் தமிழில் தரும் மொழிபெயர்ப்பாளர், உயிரின் நீட்சியையோ ரகரத்தின் தன்மையையோ நுணுகிக் காட்டுவதினும், ஒலிப்புடை ஒலிகளைக் குறியிட்டோ முதல்முறை வருமிடத்து விளக்கியோ வேறுபடுத்துதல் வேண்டும். பொருளை வேறுபடுத்தும் ஒலிகளைப் பேணுவதே ஒலிபெயர்ப்பின் முதற்கடனாகும்.