கார்பன் இழை அடுக்குகளும் வெப்பநிலையும்

கார்பன் இழைக் கூட்டுப்பொருள் என்பது, 5 முதல் 7 மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ள இழைகளை எபாக்சி போன்ற பிசினில் தோய்த்துத் தாள்களாக்கி, அத்தாள்களை வெவ்வேறு திசைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்தக் கலனில் சூடேற்றி இறுகவைத்துப் பெறப்படுவதாகும். விமானப் பகுதிகளுக்கான எபாக்சி ஏறத்தாழ 180 பாகை செல்சியஸில் இறுகுகிறது. இழை ஓடும் திசையில் எஃகுக்கு ஈடுகொடுக்கும் இப்பொருளில், இரண்டு அடுக்குகளுக்கு இடையே பிசின் மட்டுமே நிற்பதால், அங்கே தோன்றும் விரிசல் தடுக்க இழையின்றி நீண்டு அடுக்குகளைப் பிரித்துவிடக்கூடும்.

விரிசலுள்ள பொருளில் அவ்விரிசல் மேலும் பரவுவதற்குச் செலவாகவேண்டிய ஆற்றலே முறிவெதிர்ப்பு எனப்படும். இதை அளப்பதற்கு, பட்டையொன்றின் முனையில் அடுக்குகளுக்கிடையே மெல்லிய படலத்தை வைத்துத் தயாரித்து, பின்னர் இரு பாதிகளையும் எதிரெதிராக இழுத்துப் பிளந்து, திறந்த பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் எத்தனை ஜூல் செலவானது என்று கணக்கிடுவர்.

விரிசலின் முனையில் பிசின் சற்றே இழுபட்டு நெகிழ்வதில்தான் இந்த ஆற்றலில் பெரும்பங்கு கரைகிறது. குளிரில் பிசினின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அசைய இயலாமல் விறைத்துவிடுவதால், அந்த நெகிழ்வு குறைந்து பிசின் கண்ணாடியைப்போல் நொறுங்கும் இயல்பைப் பெறுகிறது. வெப்பம் ஏறும்போது நெகிழ்வு கூடுவதால் பிளப்புக்கான எதிர்ப்பும் பெரும்பாலும் கூடுகிறது. ஆயினும் வெப்பம் நன்மையே செய்யும் என்று முடிவுகட்ட முடியாது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வகை விரிசலில், பிசின் இளகி இழையைப் பற்றும் பிடியும் தளர்வதால், எதிர்ப்பு குறைவதே வழக்கம். கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை எனப்படும் எல்லையைத் தாண்டினாலோ பிசின் ரப்பரைப்போல் மென்மையாகி, இழைகளைத் தாங்கும் வேலையையே இழந்துவிடுகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிசினுக்கு இந்த எல்லை இன்னும் கீழே இறங்குகிறது என்பதால், வெப்பமும் ஈரமும் சேர்ந்த நிலையிலேயே விமானப் பொருள்கள் சோதிக்கப்படுகின்றன.

குளிர் செய்யும் தீங்கு இன்னும் நுட்பமானது. பிசின் குளிரக் குளிரச் சுருங்க, இழையோ தன் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமல் நிற்பதால், குறுக்குத் திசையில் அடுக்கப்பட்ட அடுக்குகள் ஒன்றையொன்று சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சிய தகைவு எனப்படும் இந்த உள்ளிழுப்பு, வெளிச்சுமை ஏதும் இல்லாதபோதே பிசினில் நுண்விரிசல்களை உண்டாக்கவல்லது.

நாசாவின் எக்ஸ்-33 விண்வாகனத்துக்கான திரவ ஹைட்ரஜன் தொட்டி 1999 நவம்பரில் பழுதானது இவ்வாறே. இரு கார்பன் தோல்களுக்கிடையே தேன்கூட்டு அமைப்பைக் கொண்டிருந்த அத்தொட்டியில், -253 பாகைக் குளிரில் உள்தோல் நுண்விரிசல் விட, கசிந்த ஹைட்ரஜன் தேன்கூட்டுக்குள் தேங்கியது. நிரம்பிக் குளிர்ந்திருந்தவரை சுவர் தாங்கியது. சோதனை முடிந்து தொட்டியைக் காலிசெய்து சூடேறவிட்டபோதுதான், உள்ளே அடைபட்ட வாயு விரிந்து சுவரின் அடுக்குகளைப் பெயர்த்தது.