இலாபம் கொள்முதலிலேயே இருக்கிறது

இலாபம் விற்பனையில் அல்ல, கொள்முதலில்தான் இருக்கிறது என்பது வியாபாரிகள் அனைவரும் அறிந்த பாடம். பருவத்தில் சரக்கு வாங்கியவன் நிம்மதியாகத் தூங்குவான். பருவம் தவறியவனுக்குக் கையைக் கடிக்கும். பிள்ளைகளின் கல்விக்கும் இதே கணக்குத்தான்.

நமது நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி இருக்கிறது. ஆனால் அது முதலாம் தரத்திலிருந்தே ஆரம்பமாகிறது. அதற்கு முந்திய முன்பள்ளிப் பருவம் பெரும்பாலும் தனியாரினதும் ஊர் நிறுவனங்களினதும் பொறுப்பிலேயே உள்ளது. நம்மில் பலரோ ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போதுதான் டியூஷனுக்குப் பணத்தை இறக்குகிறோம்.

முன்பள்ளிக்குச் செலவிடுவது இலாபமா என்று அமெரிக்காவில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய ஓர் ஆய்வில், வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். 58 பேருக்குத் தரமான முன்பள்ளிக் கல்வி வழங்கப்பட்டது. 65 பேருக்கு அது வழங்கப்படவில்லை. நாற்பது வயதில் பார்த்தபோது, முன்பள்ளி சென்றோரில் 60 வீதமானோர் வருடத்திற்கு 20,000 டொலருக்கு மேல் உழைத்தனர். மற்றவர்களில் 40 வீதமானோரே அவ்வாறு உழைத்தனர். ஐந்து தடவையோ அதற்கு மேலோ பொலிஸில் கைதானோர் முதற் பிரிவில் 36 வீதம், மற்றதில் 55 வீதம். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன், இம்முதலீடு சமூகத்துக்கு வருடாந்தம் 7 முதல் 10 வீத வருவாய் தந்ததாக 2010இல் கணித்தார்.

பணக்கார நாட்டுக்குத்தான் இது சரிவரும் என்று எண்ண வேண்டாம். ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986இல், வளர்ச்சி குன்றிய வறிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரத்திற்கு ஒரு மணி நேரம் சென்றனர். கையால் செய்த விளையாட்டுப் பொருட்களை வைத்துத் தாய்மாருக்குப் பழக்கிக் கொடுத்தனர். இரண்டு வருட வேலை. இருபது வருடங்களின் பின் அப்பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 வீதம் அதிகமாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. மிச்சிகன் பிள்ளைகள் புத்திக்கூர்மைப் பரிசோதனையில் முதலில் முந்தினாலும், சில வருடங்களில் அந்த முன்னிலை மறைந்துவிட்டது. நிலைத்தவை பொறுமை, எடுத்த வேலையை முடிக்கும் பழக்கம், பிறரோடு ஒத்துப்போகும் குணம். கடையில் வேலைக்கு ஆள் தேடும் நாமும் இவற்றைத்தானே தேடுகிறோம்?

எனவே நான்கு வயதில் கொப்பி நிறைய எழுத வைப்பதோ, கறுப்பு அங்கி அணிவித்துப் பட்டமளிப்பு விழா நடத்துவதோ முதலீடாகாது. மிச்சிகனில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை இருந்தார். பயிற்சி பெற்றவர். வாரந்தோறும் வீட்டுக்கும் சென்றார். இலாபம் தந்தது கட்டடமல்ல, ஆசிரியைதான்.

நமது ஊர்களில் முன்பள்ளிக் கட்டடத்திற்கு இலட்சக்கணக்கில் அள்ளிக் கொடுக்கும் தனவந்தர்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் உண்டு. உள்ளே கற்பிக்கும் சகோதரியின் சம்பளமோ பல இடங்களில் கடைச் சிப்பந்தியின் சம்பளத்தைவிடக் குறைவு. நல்ல ஆசிரியை வேறு தொழில் தேடிப் போய்விடுகிறார்.

இந்த முதலீட்டின் வருவாய் நமது கல்லாப்பெட்டிக்கு நேராக வராது என்பது உண்மை. இருபது வருடங்களின் பின் ஊருக்கு வரும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் வர்த்தகர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, ஓர் ஆசிரியையின் பயிற்சிச் செலவையும் நியாயமான மாதச் சம்பளத்தையும் பொறுப்பேற்றால் போதும். ஸதகதுல் ஜாரியா என்ற நிலையான தர்மத்திற்கு இதைவிட நல்ல கணக்கு எது?

இன்ஷா அல்லாஹ், அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கட்டட நிதிக்கு முன்னர் ஆசிரியையின் சம்பளத்தைப் பேசுவோம்.