உங்களுக்குத் தெரியுமா? நீட்டு மட்டையா, குட்டி மட்டையா?

தென்னை மட்டையைக் கத்தியால் செதுக்கி, பிடிக்குப் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றினால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைக் கிரிக்கெட்டுக்கு மட்டை தயார்! நீளம் கூடிப்போச்சா? இன்னொரு வெட்டு! ஆளுக்கு அளவான மட்டை, செலவு 0 ரூபாய்!

கடை மட்டையில் 1 முதல் 6 வரை அளவுகள் உண்டு. அதற்கு மேல் ஹரோ. அதற்கும் மேலேதான் பெரியவர்களின் மட்டை! ஆனால் தம்பிமாருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே அளவுதான்: அண்ணனின் அளவு!

அண்ணனின் மட்டையால் ஒரு சரித்திரமே உருவானது தெரியுமா? சின்ன வயதுச் சச்சின் டெண்டுல்கருக்கு அண்ணன் அஜித்தின் மட்டை பெரிது. அதனால் பிடியை நன்றாக இறக்கிப் பிடித்துப் பழகினார். பயிற்சியாளர் அச்ரேக்கர் மாற்றச் சொல்லியும் பார்த்தார். ம்ஹும்! கடைசிவரை அதே பிடி. சர்வதேசச் சதங்கள் 100!

அவருக்கு நேர்மாறு அடம் கில்கிறிஸ்ட்! பிடியின் உச்சியில் பிடிப்பவர். போதாததற்குக் கையுறைக்குள் ஒரு ஸ்குவாஷ் பந்து! 2007 உலகக் கிண்ண இறுதியில் அவரிடம் அடி வாங்கியது யார்? நாங்கள்தான், இலங்கை அணி! 104 பந்துகளில் 149!

பேஸ்போலில் மட்டையை இறக்கிப் பிடித்தால் பலம் போய்விடும் என்பார்கள். பெரி பொண்ட்ஸிடம் சொல்லிப் பாருங்கள்! அடிக்குமிழை விட்டுத் தள்ளிப் பிடித்தே 2001இல் 73 ஹோம் ரன்கள் அடித்தார். மொத்தக் கணக்கு 762!

பழைய பேஸ்போல் வீரர் வில்லி கீலர் இன்னும் அதிசயம்! அவருடைய மட்டையே சுமார் 30 அங்குலக் குட்டி மட்டை. அதையும் இறக்கித்தான் பிடித்தார்! 1897இல் தொடர்ச்சியாக 44 ஆட்டங்களில் அடித்து ஓடித் தளம் பிடித்தார். யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் ஆட்டமான ‘வடக்கின் பெரும் போர்’ அப்போது தொடங்கவே இல்லை. அது 1904இல்தான்!

கிரிக்கெட்டிலும் பிடி நீளம், தட்டைப் பகுதி குட்டை என்று தலைகீழாக ஒரு மட்டை வந்தது! பெயர் மங்கூஸ். 2010 ஐபிஎல்லில் சென்னை அணிக்காக அதைத் தூக்கி வந்தார் மத்தியூ ஹைடன். டெல்லி மைதானத்தில் 43 பந்துகளில் 93! சாதாரண மட்டையை விடத் தட்டைப் பகுதி 33 சதவீதம் குட்டை, பிடி 43 சதவீதம் நீளம்!

நீளத்துக்கும் சட்டம் உண்டு! கிரிக்கெட் மட்டை 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பேஸ்போல் மட்டைக்கு 42 அங்குலம் வரை அனுமதி. ஆனால் இரண்டு விளையாட்டிலும் பெரியவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 33, 34 அங்குல மட்டைதான்!

34 அங்குல மட்டையை 2 அங்குலம் இறக்கிப் பிடித்தால் அது 32 அங்குல மட்டை ஆகிவிடுமா? ஆகாது! கைக்குப் பின்னால் மிஞ்சும் துண்டு, தராசின் மறு தட்டுப்போல எதிர்ப்பாரமாக நிற்கும். பத்து வயதுப் பொடியன் அண்ணனின் மட்டையை வீசும்போது முழங்கையில் இடிப்பதும் அதே துண்டுதான்! குட்டி மட்டையில் இந்தப் பாரமும் இல்லை, இடியும் இல்லை!

இன்னொன்று! இறக்கிப் பிடித்தால் வெளியே போகும் பந்துக்கு 2 அங்குலம் எட்டாது. ஆனால் வீச்சு எவ்வளவு லேசாகும் தெரியுமா? கையிலிருந்து 30 அங்குலத்தில் இருந்த எடை 28 அங்குலத்துக்கு வந்துவிடும். வீசும்போது அந்த எடை காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 13 சதவீதம் குறையும். தராசில் போட்டுப் பாருங்கள், மட்டை குறைந்தது 0 கிராம்!