ஆகாயத்திலிருந்து குதிக்கும் பிள்ளை

"அம்மா, நாளைக்கு எனக்கு முதல் ஜம்ப்" என்று ஆக்ராவிலிருந்து மூத்தவன் போனில் சொன்னபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அது அடிப்பிடித்துப் போனது, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளர். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிற வேலைதானே என்று நிம்மதியாக இருந்தேன். அவனோ பாராசூட் ஆஸ்பத்திரிப் பிரிவுக்குத் தானாகவே பேர் கொடுத்துவிட்டான். விமானத்திலிருந்து குதிக்கத் தெரிந்தால்தான் அங்கே மெரூன் நிறத் தொப்பி கிடைக்குமாம்.

வேறு ஊர்த் தாயாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாளோ என்னவோ! நான் ஆய்க்குடிக்காரி. எங்கள் ஊர் அமர் சேவா சங்கத்தை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் அவர்கள், 1975-ல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். அங்கே நடந்த உடல் திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள், மகன் ஆகாயத்திலிருந்து குதிக்கப் போகிறான் என்றால் எப்படித் தூங்குவாள்? ராத்திரியோடு ராத்திரியாக, எங்கள் பாலசுப்பிரமணிய சுவாமிக்குப் படிப்பாயசம் போடுவதாக நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம், "குதிச்சாச்சும்மா, ஒரு கீறல்கூட இல்ல" என்றான். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

லீவில் வந்தபோது பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். "ஏலே, நிசத்தைச் சொல்லு. குடை விரியலேன்னா என்ன செய்வே?"

"முதுகில ஒண்ணு, நெஞ்சில ஒண்ணுன்னு ரெண்டு பாராசூட் கட்டியிருப்போம்மா. முதுகில இருக்கறதை நாம இழுக்கவே வேண்டாம். அதோட நாடாவை விமானத்துக்குள்ள ஒரு கம்பியில மாட்டியிருக்கும். குதிச்சதும் அதுவே இழுத்து விரிச்சுடும். அது சரியா விரியலேன்னாதான் நெஞ்சில இருக்கறதை நாம இழுக்கணும்."

சுமார் 1,250 அடி உயரத்தில் விமானம் பறக்குமாம். கதவருகே சிவப்பு விளக்கு எரிந்தால் தயாராக நிற்க வேண்டும். பச்சை எரிந்தால் யோசிக்கக்கூடாது, குதித்துவிட வேண்டும். குடை விரிந்ததும் இரைச்சலெல்லாம் அடங்கிப் போகிறதாம். "அந்த அமைதியில உன் ஞாபகம் வந்துச்சும்மா" என்றான். உண்மையோ, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னானோ!

"குதிக்கிறது பெரிசில்ல, இறங்கறதுதான் பெரிசு" என்று திண்ணையிலிருந்து குதித்தும் காட்டினான். ஆக்ரா பயிற்சிப் பள்ளியில் விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பு, தரையில் விழுவதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டு பாதமும் முழங்காலும் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்க வேண்டும். மோவாய் நெஞ்சோடு சேர வேண்டும். பாதம் தரையைத் தொட்டதும் விறைத்து நிற்கப் பார்க்காமல், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள் என்று பக்கவாட்டில் உருள வேண்டும். அப்போது அடி ஒரே இடத்தில் இறங்காமல் உடம்பு முழுக்கப் பிரிந்து போகும். இப்படி ஐந்து தடவை, அதில் ஒரு தடவை இருட்டில் குதித்தால்தான் சிறகுச் சின்னம்.

"வைத்தியம் பார்க்கிறவனுக்கு இது எதுக்குடா?" என்றேன். அதற்கு ஒரு டாக்டரின் கதையைச் சொன்னான். நம் தமிழ்நாட்டுக்காரர், ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பாராசூட்டில் இறங்கிய முதல் இந்திய வீரர்கள் இருவரில் ஒருவரானார். கொரியா யுத்தத்துக்கு 1950-ல் நம் நாடு சண்டைப் படையை அனுப்பவில்லை. 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. அதற்குத் தலைவர் இவர். அந்தக் குளிர்காலத்தில் பின்வாங்க நேர்ந்தபோது, மருந்தையும் கருவிகளையும் விட்டுவர மனமில்லாமல், ஒரு பழைய ரயில் எஞ்ஜினைக் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தப்பினார்களாம்! 1951 மார்ச் 23-ல் அமெரிக்க வீரர்களோடு இவரும் இன்னும் 11 இந்தியர்களும் முன்சான்-நியில் குதித்து, போர்க்களத்திலேயே வைத்தியம் பார்த்தார்கள். இவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானத்தில் பெரியம்மையை ஒழிக்கவும் பாடுபட்டார்.

அதே பிரிவுதான் 2023 பிப்ரவரியில் துருக்கி பூகம்பத்தின்போது போய் ஆஸ்பத்திரி போட்டது. மேஜர் பீனா திவாரி என்ற நம் பெண் டாக்டரை ஒரு துருக்கிப் பெண்மணி அணைத்து முத்தமிடும் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக, எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்று ஒன்று சொன்னான். தென்னை மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ யாராவது விழுந்தால், பதறிப்போய் ஆளுக்கொரு பக்கம் தலையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. உட்கார வைக்கக் கூடாது. கழுத்தைத் திருப்பக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சு வருகிறதா என்று பார்த்து, தலை அசையாமல் இரண்டு பக்கமும் கையால் தாங்கிக்கொண்டு, உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். தண்டுவடம் அடிபட்டிருந்தால், நாம் தூக்குகிற தூக்கிலேயே கை கால் போய்விடலாமாம். தோப்பும் மரமுமாக இருக்கிற நம் பக்கத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்?

ராமகிருஷ்ணன் அவர்களுக்கு அப்போது தைரியம் கொடுத்தவரும் ஒரு ராணுவ டாக்டர்தான், அமர்ஜித் சிங் சாஹல். அவர் பேரில்தான் 1981-ல் ஐந்து குழந்தைகளோடு ஒரு கூரைக் கொட்டகையில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் இவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனை நாள் விழுந்த கதையை மட்டும்தான் நான் நினைத்து நினைத்துப் பயந்தேன். விழுந்தவரைத் தூக்கி நிறுத்திய டாக்டரை நினைக்கவே இல்லை. என் பிள்ளை போயிருப்பது அந்த வேலைக்குத்தானே!

படிப்பாயசம் போட்டாயிற்று. படித்துறையில் பிள்ளைகள் வழித்து வழித்துச் சாப்பிட்டதைப் பார்க்க நிறைவாக இருந்தது. ஐந்தாவது ஜம்ப், அந்த இருட்டு ஜம்ப், போன மாதம் முடிந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். ஆனால் அன்றைக்குக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.