கொசஸ்தலை வழியே – 11: நடந்தே பார்க்க வேண்டிய தீவு

சென்ற வாரம் பூண்டி ஏரியின் மதகுகளோடு நிறுத்தியிருந்தோம். திருப்பாச்சூருக்குப் பக்கத்தில் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஏரி நிரம்பினால், மிகுநீரைக் கொசஸ்தலையாற்றில் திறந்துவிடுகிறார்கள். தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தில் அது கடலைச் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தின் வடகரையில் தொடங்குகிறது காட்டுப்பள்ளித் தீவு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழியும், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம். முகத்துவாரத்துக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டா 1971 முதல் ராக்கெட் ஏவும் இடம். அங்கே பொதுமக்கள் இஷ்டப்படி நடக்க முடியாது. காட்டுப்பள்ளித் தீவின் தென்பாதியைத் துறைமுகங்களின் மதில்கள் அடைத்துவிட்டன. மிச்சமிருப்பது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வடக்கே காளாஞ்சி, கருங்காளி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என்று பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் வரை போகிற பத்துக் கிலோமீட்டர் அளவுக்கான மணற்கரை. வார விடுமுறையில் ஒரு பகல் நடப்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அந்த நடையை அரசே முறைப்படுத்தித் திறந்துவிட வேண்டும். அப்படிச் செய்வது நடப்பவர்களுக்கு மட்டுமல்ல, தீவுக்கும் நல்லது என்பதே என் வாதம்.

ஏற ஒரு குன்றுகூட இல்லாத இடத்தில் நடைப்பயணம் எதற்கு என்று கேட்கலாம். உயரம்தான் அளவு என்றால் இந்தத் தீவு தேறாது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டருக்கு மேல் எழும்பாத மணல் இது. ஆனால் கிழக்கிலிருந்து மேற்காகக் குறுக்கே கடப்பவரின் காலடியில் நிலம் நாலைந்து முறை மாறிவிடுகிறது. முதலில் அலை நனைத்துத் திரும்பும் மணல். அதற்கு மேலே அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் வேரால் பிடித்து வைத்திருக்கும் மணல்மேடு. மேட்டின் பின்புறம் பனையும் சவுக்கும். அங்கே கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். அதையும் தாண்டினால் உமரி படர்ந்த உவர்நிலம், சேறு, அலையாத்தி, கடைசியில் கழி. இரண்டு பக்கமும் உப்புநீர் சூழ்ந்த இடத்தில் குடிநீர் எப்படிக் கிடைக்கிறது? மணலில் இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேடு கரைந்தால் அந்த நீரும் போகும். கழிக்கு மேற்கே மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக்கும் ஆலைகளுக்குமாக நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, 1960களின் கடைசியிலிருந்தே கடல்நீர் உள்ளே புகுந்துவருகிறது. நீர் உப்பான அதே வட்டாரத்தின் பெயரில்தான் 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்தது. இயற்கையாக நன்னீரைக் காத்துவைக்கும் மணலையும், பெரும் மின்செலவில் அதே வேலையைச் செய்யும் ஆலையையும் ஒரே தீவில் பார்க்கலாம். காரில் போகிறவருக்கு ஆலையின் மதில் தெரியும். மணல் செய்யும் வேலை, இறங்கி நடப்பவருக்குத்தான் தெரியும்.

கடலரிப்பும் அப்படித்தான். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே ஒரு சுவரைக் கட்டினால் தெற்கே மணல் சேரும்; வடக்கே கரை தேயும். 1876இல் சென்னைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியபின் மெரினா அகன்றதும், ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை மீனவக் குப்பங்கள் கடலுக்குள் போனதும் இந்த ஒரே காரணத்தால்தான். இந்தப் பாடம் ஒன்றரை நூற்றாண்டு பழையது. அதைத் தெரிந்துகொண்டேதான் எண்ணூரில் 2001இல் ஒரு துறைமுகமும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2013இல் இன்னொன்றும் இயங்கத் தொடங்கின. இரண்டுக்கும் அலைதடுப்புச் சுவர்கள் உண்டு. வடக்கே உள்ள குப்பங்களின் கரை அரிபட்டுவருவதை அங்கே உள்ளவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். தெற்கிலிருந்து வடக்காக அந்தக் கரையில் நடப்பவர், எங்கே மேடு செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கிறது, எங்கே இன்னும் சரிவாக இறங்குகிறது என்று தம் கண்ணாலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஏன் இதைச் சொல்ல வேண்டும்? காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் உள்ள அதை ஏறத்தாழ 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி கடலையே தூர்த்து எடுக்க வேண்டிய நிலம். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் பழவேற்காட்டு மீனவ ஊர்களின் மக்களும் சில சூழலியல் அமைப்புகளும்தான். மாவட்டத்தின் மற்ற பகுதிகளுக்கு அது தொலைதூரத்து மீனவர் பிரச்சினையாகவே தெரிந்தது. ஆனால் பூண்டியில் திறந்துவிடும் வெள்ளம் வடிய வேண்டிய வாய் எண்ணூர்க் கழிமுகம். அந்தக் கழிமுகத்துச் சதுப்பை அனல்மின் நிலையச் சாம்பலும் மண்ணும் தூர்த்தால், நீர் பின்வாங்கி நிற்கப்போவது ஆற்றோரத்து ஊர்களில். இதைப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம், உண்மைதான். எனினும் ஒரு நிலத்துக்காகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதில் ஒருமுறையாவது நடந்தவர்கள். வரைபடத்தில் மட்டும் பார்த்தவருக்கு இது இரண்டு நீர்களுக்கு நடுவே கிடக்கும் காலி மணல். நடந்தவருக்கு அது கிணறும் வலையும் பறவையும் உள்ள இடம்.

ஆபத்து என்பது அடுத்த மறுப்பு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்தத் தடை சரியானது. ஆனால் சாவுக்குக் காரணம் தீவல்ல. பாதுகாப்பு உடை இல்லாத, கட்டுப்பாடு இல்லாத சவாரி. பழவேற்காட்டிலிருந்து கலங்கரை விளக்கப் பக்கத்துக்கு இன்று பாலம் இருக்கிறது, நடப்பவருக்குப் படகே தேவையில்லை. வெயிலும் அலையும் மீதமுள்ள ஆபத்துகள். குளிக்க இறங்கக் கூடாது, காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்ற விதிகள் அவற்றுக்குப் போதும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிகள் இறந்தபின் தமிழ்நாடு நடைப்பயணத்தையே மூடிவிடவில்லை. விதிகளை வகுத்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது வழித்தடங்களை முன்பதிவு முறையில் திறந்தது. பூண்டிக்கு அருகே உள்ள கூடியம் குகைப் பாதையும் அந்த நாற்பதில் ஒன்று. காட்டுக்கும் குன்றுக்கும் செய்ததைக் கடற்கரைக்கும் செய்ய முடியும்.

ஆட்கள் வந்தால் பிளாஸ்டிக் வரும், பறவைகள் விலகும், ஆமைகள் முட்டையிடாது என்பார்கள் இயற்கை ஆர்வலர்கள். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பனிக்காலத்தில் பூநாரைகள் இரை தேடும் சேற்றுப் பரப்பின் பக்கம் எந்தப் பாதையும் போகக் கூடாது. கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் போதும். ஜனவரி தொடங்கி பங்குனி ஆமைகள் கரையேறும் மாதங்களில் இரவு நடை கூடாது. ஆனால் ஆள் வராமல் இருப்பதே காவல் என்ற எண்ணத்தை அனுபவம் ஆதரிக்கவில்லை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறது. கட்டுப்பாட்டோடு நடந்த கால்கள் அங்கே ஆமைகளுக்குக் காவலாகவே இருந்தன. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கியதும் பார்க்கவந்தவர்களால் அல்ல, பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால். ஐரோப்பாவில் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. நெதர்லாந்தின் வடகரையில் வாடன் கடல் என்ற ஆழமற்ற பரப்பில், வற்றுநேரத்தில் சேற்றின் மேல் நடந்தே தீவுகளுக்குப் போகிறார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் கூட்டிச் செல்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த அந்தப் பரப்பை இந்த நடை கெடுத்துவிடவில்லை. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி வணிகம் செய்த டச்சுக்காரர்களின் நாடுதான் அது. இங்கே ஓதம் மிகக் குறைவு, சேற்றில் நடந்து தீவுக்குப் போக முடியாது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது என்ற அந்த ஒழுங்கை.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு மீனவர்களுடையது. கடற்கரை அவர்களுக்கு வேலை செய்யும் இடம். வலை காயும், கட்டுமரம் ஏறும், மீன் தரம் பிரிப்பார்கள். வீட்டு முற்றமும் அதுவே. ஞாயிறுதோறும் கேமராவோடு வரும் கூட்டத்தை அவர்கள் ஏன் சகிக்க வேண்டும்? சுற்றுலா என்று தொடங்கியது விடுதியாகவும் வேலியாகவும் முடிந்ததை நம் கடற்கரை பல இடங்களில் கண்டிருக்கிறது. ஆகவே பாதை எது, மாதத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேர், கட்டணம் எவ்வளவு என்பவற்றை ஊர்ப் பஞ்சாயத்துகளே முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்னால் அந்த ஊரை விட்டுப் பாதை விலகிப் போக வேண்டும். இது நடக்கக்கூடியதா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. பழவேற்காட்டில் ஏரியைப் பகிர்ந்துகொள்ளப் 'பாடு' என்ற முறை நெடுங்காலமாக இருக்கிறது: எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துக்கொள்கிறார்கள். ஒரே நீரைச் சண்டையின்றிப் பங்கிடும் இந்த ஏற்பாட்டை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நீரைப் பங்கிடத் தெரிந்தவர்களுக்கு நடைபாதையைப் பங்கிடத் தெரியாதா? பாடு முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட இருளர்களை இந்த ஏற்பாட்டிலாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். கழியின் ஆழமும் அடிமண்ணும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? வழிகாட்டிக் கூலியில் அவர்களுக்கு முதல் பங்கு இருக்க வேண்டும். பழவேற்காட்டில் பனையோலை முடையும் பெண்களின் கூடைகள் நடைவழியிலேயே விற்கட்டும்.

இது ஆலைகளின் வட்டாரம், இங்கே இயற்கை பேசுவது வேலையில்லாதவர் பேச்சு என்று சொல்வோருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறவர்களைத்தான் காட்ட வேண்டும். வாரம் முழுவதும் உலைச் சூட்டிலும் இயந்திர இரைச்சலிலும் நிற்கிறவருக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்று. கொடைக்கானலுக்குப் போய்வர அவருக்கு நாளும் இல்லை, பணமும் இல்லை. திருப்பாச்சூரிலிருந்துகூட இந்தக் கடற்கரை நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ரயிலில் போனால் பேசின் பாலம் வரை கிழக்கே போய், மாறி, மறுபடி வடக்கே பொன்னேரி வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். ஞாயிறு காலையில் திருவள்ளூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு ஒரு பேருந்தும், மாலையில் திரும்ப ஒன்றும் விட்டால் பாதித் தடை நீங்கும். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர் வந்து, திருவள்ளூர் புறவழிச்சாலையைத் தொட்டு, மாமல்லபுரம் வரை போகும் சென்னை எல்லைச் சாலை வேறு உருவாகிக்கொண்டிருக்கிறது. கண்டெய்னர் லாரிகளுக்காகத் திட்டமிட்ட சாலை அது. அதற்காக நிலம் கொடுத்த ஊர்களில் நம் திருவள்ளூர் வட்டத்து ஊர்களும் உண்டு. அந்தச் சாலையில் லாரிகளோடு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தும் ஓட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது.