லாயத்துக்கு லைசென்ஸ் உண்டா?

ஊரிலிருந்து வந்த உறவினர்களை விக்டோரியா வண்டியில் ஏற்றி மரைன் டிரைவில் உலா காட்டாத மும்பைத் தமிழ்க் குடும்பம் நம்மில் அதிகம் இருக்காது. வெள்ளி நிறத்தில் பளபளத்த அந்தக் குதிரை வண்டிகள் எங்கே போயின என்று இன்று பேரக்குழந்தைகள் கேட்டால், 'கோர்ட்டு தடை செய்துவிட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வழக்கில் சவுக்கடி பற்றி மட்டுமல்ல, குதிரை படுக்கும் இடம் பற்றியும் பேசப்பட்டது. வாசகர்கள் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

இந்த நகரத்துக்குக் குதிரை புதிதல்ல. 1874-இல் இங்கே டிராம் ஓடத் தொடங்கியபோது அதை இழுத்தவை குதிரைகளே. 1907-இல் மின்சார டிராம் வந்தது. டிராம் குதிரைகள் மறைந்தன. வாடகை வண்டிக் குதிரைகள் தங்கிவிட்டன. டாக்சிகள் பெருகியபின் அவற்றுக்கு உல்லாச சவாரி ஒன்றுதான் மிச்சம்.

நான் ரயில்வேயில் வேலை பார்த்த நாட்களில், க்வார்ட்டர்ஸுக்குத் திரும்பும் வழியில் ஒரு சந்தில் லாயம் ஒன்று இருந்தது. தகரக் கூரை, மண் தரை, ஐந்து குதிரைகள். மூன்று தலைமுறையாக அதே தொழில். உரிமையாளர் என்னைவிடப் பெரியவர். டீக்கடைப் பழக்கத்தில் நான் அவரைச் 'சாச்சா' என்பேன். அவர் என்னை 'இஞ்சினியர் சாப்' என்பார்.

பொறியாளன் புத்தி, ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 20 கிலோ லத்தி போடும். ஐந்து குதிரைக்கு ஒரு குவின்டால்! மூத்திரம் தனி. தரை கெட்டியாக இருந்து, வாட்டம் கொடுத்து, சாக்கடையில் சேர்த்தால்தான் அது போகும். இல்லாவிட்டால் தேங்கும். தேங்கினால் அம்மோனியா வாடை. குதிரைக்கு மூச்சுக் கோளாறு, குளம்பு அழுகல். குதிரை லத்தியில் டெட்டனஸ் கிருமியும் இருக்கக்கூடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு அந்தச் சந்தில்தான் விளையாடினார்கள். ஆகவே லாயத்துக்கு உரிமம் கேட்பது வெறும் காகித விவகாரம் அல்ல. 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம், 394-ஆவது பிரிவில் அந்த உரிமத்தைக் கேட்கிறது.

விலங்கு நலனுக்கான அறக்கட்டளை ஒன்று தொடுத்த வழக்கில், 2015 ஜூன் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மனிதனின் உல்லாசத்துக்காக மட்டும் குதிரையை வண்டியில் பூட்டுவது தவிர்க்கக் கூடியது, சட்டத்துக்குப் புறம்பானது. உரிமமில்லாத லாயங்களும் நடக்கக்கூடாது. ஓராண்டுக்குள் எல்லாம் நிற்க வேண்டும். பிழைப்பை இழப்பவர்களுக்கு மாநில அரசு மறுவாழ்வுத் திட்டம் வகுக்க வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுதான்.

அந்த வாரம் சாச்சா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து டீக்கடை பெஞ்சில் திறந்தார். தந்தை பெயரில் ஒரு கட்டு, தன் பெயரில் ஒரு கட்டு. எல்லாம் 1920-ஆம் ஆண்டின் பொது வாகனச் சட்டப்படி வண்டிக்கு வாங்கிய லைசென்ஸ்கள். "லாயத்துக்கு எங்கே சாச்சா?" என்று கேட்டேன்.

"அதற்குத் தனியாகவா? வண்டிக்கு லைசென்ஸ் கொடுத்தவர்களுக்குக் குதிரை ராத்திரி எங்கே படுக்கும் என்று தெரியாதா, சாப்?"

நான் பதில் சொல்லவில்லை. குதிரைகளைப் பொறுத்தவரை தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் லாடம் வழுக்க வழுக்க ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. ரயில்வேயில் ஓர் எஞ்சினுக்கு அனுமதி தந்தால், அதை நிறுத்தும் ஷெட்டுக்கும் சேர்த்தே ஃபைல் ஓடும். இங்கே வண்டி ஓர் இலாகா, லாயம் இன்னோர் இலாகா. ஒன்று பல்லாண்டு காலம் முத்திரை குத்திக்கொண்டே இருந்தது. மற்றது கேட்காமலே இருந்தது.

2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும் நம் நினைவில் இருக்கும். 2017-இல் மெரினாவில் கூட்டம் கூடியது, மாநிலம் சட்டத்தைத் திருத்தியது, 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. விக்டோரியாக்காரர்களுக்காகக் கூட எந்தக் கடற்கரையிலும் ஆள் இல்லை.

2021-இல் பேட்டரியில் ஓடும் விக்டோரியாக்களை அறிமுகம் செய்தார்கள். சாச்சாவுக்கு அது வேண்டாம் என்றாகிவிட்டது. அதற்கு முன்பே மூன்று குதிரைகளைக் கல்யாண ஊர்வலக்காரர்களுக்கு விற்றிருந்தார். வயதான இரண்டையும் கிராமத்தில் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். கொள்ளுச் செலவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதாகச் சொன்னார். மகன் ஆட்டோ ஓட்டுகிறான்.

லாயம் இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். தரைக்குக் கான்கிரீட் போட்டு, நல்ல வாட்டம் கொடுத்து, சாக்கடை இணைப்பும் வைத்திருக்கிறார்கள்.